நல்லா இருக்கேன்க்கா

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஓர் ஆலோசனை மையத்துக்கு மாதம் ஒருமுறை போய், அங்கே வேலை செய்யும் இளம் ஆலோசகர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள் செய்கிற காரியம்தான். போன மாதம் ஷாலினி என்ற பெண் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். இப்போதெல்லாம் ஆலோசனை முடிந்து வெளியே போகிறவர்கள் கைப்பேசியிலேயே நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

"பாருங்க மேடம், எல்லாமே அஞ்சு ஸ்டார். மனசு லேசாயிடுச்சுன்னு எழுதுறாங்க. ஆனா பாதிப் பேரு ரெண்டு தடவைக்கு மேல வரதில்ல. மிச்சப் பேரு வந்துக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் மாறல. எங்க தப்பு பண்றோம்?"

"கல்யாண வீட்டுல சாம்பார்ல உப்பு இல்லேன்னா நம்ம ஆளுங்க யாருகிட்ட சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. கார்ல ஏறினதும் சொல்லுவாங்க."

"அவ்வளவுதான்லா," என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு வேலைக்காலத்தின் பெரும்பகுதி பிடித்தது. அன்று அவர்களிடம் தேவகியைப் பற்றிச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் மேடம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். எழுதுகிறேன். தேவகி என்பது அவள் பெயரல்ல. எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னை ரொம்ப அழ வைக்காதீங்க," என்றாள்.

நான் படித்த படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாதியாக இருந்தேன், வார்டில் நோயாளிகள் ஊசிக்குக் கை நீட்டுவதைவிடப் பேசுவதற்கே என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்து உளவியல் படித்தேன், தேர்வு எழுதினேன், கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் உளவியல் பிரிவில் சேர்ந்தேன். தினமும் காலையில் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், மாலையில் அதே ரயிலில் திரும்புவேன். கார் ஓட்ட நான் கற்றுக்கொள்ளவே இல்லை. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறவளுக்குக் கார் எதற்கு? இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவின் தலைவர் டாக்டர் குலசிங்கம். யாழ்ப்பாணத்து வம்சம், அப்பா காலத்திலேயே அரசாங்க உத்தியோகம், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. யாரையும் தொட்டுப் பேச மாட்டார், யார் கொடுக்கும் தேநீரையும் குடிக்க மாட்டார். தீபாவளிக்கு நோயாளிகள் கொண்டுவரும் முறுக்கு டப்பாவைக் கைகூப்பி வாங்கி, அப்படியே வார்டுக்கு அனுப்பிவிடுவார். ஒருவர் பேசி முடித்துக் கிளம்பினால் தானும் எழுந்து கதவு வரை வந்து, அவர் மின்தூக்கியில் ஏறும்வரை நிற்பார். வாரக் கூட்டத்தில் நாங்கள் யாராவது, "இந்த நோயாளிக்கு இப்போது பரவாயில்லை, டாக்டர்," என்று சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யார் சொன்னது?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்பார். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் வந்தவர்கள் சீக்கிரமே வருவதை நிறுத்திவிடுவார்கள். என்னிடம் வந்தவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். இதில் எனக்கு உள்ளூரப் பெருமை. அவரிடம் வராமல் நின்றுபோனவர்களில் ஒருவரை, அம்பாங்கில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரை, சில வருடங்கள் கழித்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். மனைவி இறந்த துக்கத்தில் வந்தவர். ஏன் அண்ணே வராமல் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

"டாக்டர் நல்ல மனுஷன்தான் மிஸ்ஸி. குத்தம் சொல்லக் கூடாது. நான் அழ ஆரம்பிச்சேன். உடனே டிஷ்யூ பெட்டிய என் பக்கம் தள்ளுனாரு. போதும், தொடச்சுக்கன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அந்த ரூம்ல எனக்கு அழுகை வரல. அழுகை வராத எடத்துக்கு லீவு போட்டுட்டு எதுக்கு வரது?"

புத்தகத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பெட்டியைத் தள்ளுவது ஆதரவு. அந்த மெக்கானிக்குக்கு அது கதவைக் காட்டுவது. இரண்டு பேரும் நல்லவர்கள், இருந்தும் காரியம் கெட்டுப்போனது. நான் அன்று ரயிலுக்கு நடக்கும்போது, பாவம் டாக்டர், அவருக்கு மனிதர்களோடு ஒட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒட்டத் தெரியும் என்ற நினைப்பு.

அப்போதுதான் தேவகி வந்தாள்.

பந்திங் பக்கம் ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், வீடு. ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. கணவர் மாணிக்கத்துக்குச் சர்க்கரை நோய், எங்கள் பேச்சில் இனிப்பு நீர், முற்றிச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை கிள்ளானுக்கு வந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பார்வையும் மங்கிவிட்டதால் அவரால் கார் ஓட்ட முடியாது. தேவகிதான் ஓட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் மாணிக்கத்தை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, கிள்ளான் பந்திங் சாலையில் ஒரு கண்டெய்னர் லோரி முன்னால் போன மோட்டார் சைக்கிளை உரசியது. வண்டியில் போனவர் தேவகியின் காருக்கு முன்னால் விழுந்தார். பிரேக் போட்டாள், போதவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கால் பழையபடி வரவில்லை. தேவகியின் மேல் தவறில்லை என்று காவல் நிலையத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காரின் இருக்கையில் உட்கார்ந்தாலே அவள் கைகள் மரத்துப்போயின. மாணிக்கத்தின் தம்பி குமார் கொஞ்ச காலம் ஓட்டினான். அவனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருந்தது. வாரம் மூன்று முறை வாடகைக் காருக்குக் கொடுக்க வசதியில்லை, அதனால் அவன் கிளம்புவதற்குள் தேவகி மறுபடி ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மாணிக்கத்தின் சிகிச்சை தடைபடும், சிகிச்சை தடைபட்டால் உயிருக்கே ஆபத்து. இதில் அவளுக்கும் சந்தேகமில்லை, எனக்கும் சந்தேகமில்லை.

இந்தப் பயத்துக்கு நல்ல வைத்திய முறை உண்டு. படிப்படியாகப் பழக வேண்டும். முதலில் நிறுத்தி வைத்த காரில் உட்கார வேண்டும், பிறகு இயந்திரத்தை ஓடவிட வேண்டும், பிறகு தாமானுக்குள் ஒரு சுற்று, பிறகு பாசார் என்கிற சந்தை வரை, கடைசியில் லோரி ஓடும் அந்தச் சாலை. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், ஏறிய பயம் தானே இறங்கும்வரை விலகாமல் இருக்க வேண்டும். மூச்சை எப்படி விடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வந்த முதல் நாளே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். இரண்டாம் வாரத்திலிருந்து வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு வாரம் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப், ஒரு வாரம் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங், ஒரு வாரம் வீட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்து பையில் போட்டுக் கொண்டுவந்தாள். டாக்டர் மாதிரி வார்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் எதிரிலேயே எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகவும் இருந்தது.

இரண்டாம் வாரம் அவள், "கார்ல உக்காந்தேன்க்கா, கை நடுங்குச்சு, ஆனா எறங்கல," என்றபோது நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு படி ஏறினாள். தாமானைச் சுற்றினாள், பாசாருக்குப் போனாள். "லோரி பக்கத்துல வந்துச்சுக்கா. நீங்க சொன்ன மாதிரி மூச்ச விட்டேன். அது பாட்டுக்குப் போயிடுச்சு." எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நல்லா இருக்கேன்க்கா, எல்லாம் உங்களாலதான்," என்பாள்.

வாரக் கூட்டத்தில் தேவகியின் கதையைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் சொன்னது?"

"அவங்களே சொன்னாங்க, டாக்டர்."

"அவ சொன்னது சரி. பாத்தது யார்?"

உங்களிடம் ஒருத்தரும் தொடர்ந்து வருவதில்லை, என்னிடம் வந்தவள் தேறினால் உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று மனதுக்குள் பொரிந்து தள்ளினேன். வாயைத் திறந்து, "நான் அவங்கள நம்புறேன்," என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் சிகிச்சை முடிந்தது என்று தேவகியை அனுப்பி வைத்தேன். குமார் ஜொகூருக்குப் போனான்.

சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கியபோது அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தேவகி உட்கார்ந்திருந்தாள். மாணிக்கத்துக்கு அடுத்தடுத்து டயாலிசிஸ் தவறி, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். கார் என்ன ஆயிற்று, பழுதா என்று கேட்டேன். ஜொகூரிலிருந்து விரைந்து வந்திருந்த குமார்தான் பதில் சொன்னான்.

"அண்ணி எங்க மேடம் ஓட்டுனாங்க? ஆக்சிடன்ட்டுக்கு அப்புறம் ரோட்டுல எடுத்ததே இல்ல. நான் போனதும் பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்ச நாள் கூட்டிட்டு வந்தாங்க, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. இங்க உங்களப் பாக்க வரதுக்கும் நான்தான் கூட்டிட்டு வருவேன். கேன்டீன்ல உக்காந்திருப்பேன். ஆனா உங்ககிட்ட ஓட்டுறேன்னு சொல்லியிருக்காங்க போல. எங்ககிட்ட, அந்த அக்கா இன்னும் கொஞ்ச நாள்ல ஓட்டலாம்னு சொல்லுதுன்னு சொன்னாங்க."

எனக்கு வந்தது கோபம். இரக்கம் அல்ல, வருத்தம் அல்ல, நல்ல முழுக் கோபம். இத்தனை வாரம் என் முகத்தைப் பார்த்துக் கதை சொன்னாளே, கறிபாப்பைக் கொடுத்து வாயை அடைத்தாளே என்று கொதித்தது. மாணிக்கம் பிழைத்துவிடுவார் என்று மருத்துவர் சொல்லும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"ஏன் தேவகி?"

"மொத தடவ நெசமாத்தான் உக்காந்தேன்க்கா. நீங்க கையப் புடிச்சுக்கிட்டு அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. என் கூடப் பொறந்தவங்க யாரும் எனக்காக அப்படிச் சந்தோஷப்பட்டதில்ல. அடுத்த வாரம் சாவியத் தொட முடியல. உங்ககிட்ட வந்து முடியலன்னு எப்படிச் சொல்லுவேன்? உங்க மொகம் வாடிப் போயிடுமே."

அவள் வீட்டில் யாரிடமும் முடியவில்லை என்று சொல்ல முடியாமல்தான் என்னிடம் வந்தாள். நான் போய் அவளுக்கு இன்னொரு வீட்டு ஆளாக உட்கார்ந்துகொண்டேன். டாக்டரிடம் வந்தவர்கள் பிடிக்காவிட்டால் வராமல் நின்றுகொண்டார்கள். நிற்பதும் ஒரு பதில்தான். என்னிடம் வந்தவர்களுக்கு நிற்கக்கூட வழியில்லை.

இதைத் தலையில் அடித்துக்கொள்வதற்காக எழுதவில்லை. தலையில் அடித்துக்கொண்டிருந்தால் மாணிக்கத்தை யார் டயாலிசிஸுக்குக் கொண்டுபோவது? நான் விட மாட்டேன் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன். ஆனால் தேவகியிடம் நேராகக் கேட்டால் மறுபடியும் எனக்குப் பிடித்ததைத்தான் சொல்வாள். குமாரைத் தேநீர் குடிக்கக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன்.

"திரும்பிப் போறப்ப கார்ல அண்ணி என்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவேன். பரவால்ல, சொல்லுங்க."

"ரொம்ப நல்ல அக்கான்னுதான் சொல்லுவாங்க. அப்புறம்... அந்த அக்கா டிரெயின்ல வர ஆளு, ரோட்டுக்கே வராதவங்க. கண்டெய்னர் லோரி பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்னு அவங்களுக்கு எங்க தெரியும், ரூம்ல உக்காந்து மூச்ச விடு மூச்ச விடுன்னா ஆச்சான்னு."

கோபித்துக்கொண்டேன். தேநீர் ஆறும்வரை கோபம் இருந்தது. பிறகு பார்த்தால், அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. நோயாளி சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான விஷயத்தை வாராவாரம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் அறையில் அல்ல, காரில்.

மறுநாள் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். 'யார் சொன்னது' என்று அப்போதே கேட்டேனே என்று குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. தேவகி பந்திங்கிலிருந்து ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார அனுமதி வேண்டும் என்றேன். நோயாளியின் காரில் ஆலோசகர் ஏறக் கூடாது என்பது விதி, அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

"முடியாது," என்றார்.

"அப்ப அவங்க ஓட்டவே மாட்டாங்க, டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "டயாலிசிஸ் நிலையத்துல போய் நோயாளியின்ட குடும்பத்தைப் பாக்க உமக்கு அனுமதி தரலாம். அது நம்ம வேலைதான். அங்க நீர் பஸ்ஸில போறீரா, யாரோட காரில போறீரா எண்டு நான் கேக்கப் போறதில்லை." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என்னட்ட வந்து நிண்டுபோன ஆக்களும் காரில ஏதோ சொல்லியிருப்பினம். நான் ஒருத்தரையும் கேக்கேல்லை," என்றார்.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று விடியலில் பேருந்து பிடித்துப் பந்திங் போனேன். குமார் விடுப்பு எடுத்து, அவசரத்துக்கு உதவ மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். மாணிக்கம் தோளில் துண்டோடு பின் இருக்கையில் ஏறினார். தேவகி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைப் போட்டுவிட்டு, வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. தாமானுக்குள் ஊர்ந்தோம், பாசாரைத் தாண்டினோம், செம்பனைத் தோட்டம் ஓரமாக மெல்லப் போனோம். பெரிய சாலை வந்தது.

முதல் கண்டெய்னர் லோரி எங்களை முந்தியபோது கார் முழுவதும் ஆடியது. அதன் சக்கரம் என் தோள் உயரத்துக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு உருண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காரில் அதிகம் பயந்தவள் நான்தான். பயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்.

"மூச்சை மெல்ல விடு தேவகி. மெல்ல. மறுபடியும் மூச்சை..."

அவள் சிக்னல் போட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு டயர் கடைக்கு முன்னால் காரை ஓரம் கட்டினாள். என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க மூச்சு மூச்சுன்னு சொல்றதுதான் எனக்குப் பயமா இருக்கு. அன்னைக்கு உங்க ரூம்லயும் அப்படித்தான் இருந்துச்சு, இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. நான் ரோட்டப் பாக்கணும். தயவு செஞ்சு வாய மூடிட்டு உக்காருங்க."

பின் இருக்கையிலிருந்து மாணிக்கம் சொன்னார்: "சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்லா. மெஷின வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். தேவகி பக்கக் கண்ணாடியைப் பார்த்து, மறுபடி சாலையில் ஏறினாள். கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மாணிக்கத்தை உள்ளே அனுப்பிவிட்டு அவள் சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பேச வேண்டாம் என்று அவளே கையைக் காட்டினாள்.

அப்படிப் பல வாரம் போனேன். முதலில் குமார் ஜொகூருக்குத் திரும்பிப்போனான், பிறகு நானும் போவதை நிறுத்தினேன். மாணிக்கம் இன்றும் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், தேவகிதான் ஓட்டுகிறாள். ஷாலினிக்கும் அவள் தோழிகளுக்கும் இதுவே நல்ல முடிவாகத் தெரிந்தது. எனக்கு அப்படியல்ல. அவர்கள் கேட்டது நட்சத்திரத்தைப் பற்றி. அதற்குப் பதில் வேறொரு நாளில் இருக்கிறது.

அதன் பிறகு நான் யாரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு ஆரம்பிப்பதை விட்டுவிட்டேன். எழுந்து போகும் நேரத்தில், "காரில் ஏறினதும் என்னைப் பற்றி என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்பேன். முதலில் சிரித்து மழுப்புவார்கள். விடாமல் ஒவ்வொரு முறையும் கேட்டால் ஒரு நாள் சொல்வார்கள். சொல்லும்போது வலிக்கும். வலிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. வலித்தாலும் அக்கா உடைந்துபோகவில்லை என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

நான் சொன்ன அந்த நாள், தேவகி தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் வந்தது. என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கையில் பை இல்லை, டப்பா இல்லை, வெறும் கை. உட்காருவதற்கு முன்பே சொன்னாள்.

"இந்த வாரம் முடியலக்கா. ரெண்டு தடவ கிராப் டாக்சி புடிச்சுத்தான் போனோம். நல்லா இல்லக்கா நான்."

நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. டிஷ்யூ பெட்டியையும் தள்ளவில்லை. என் நாற்காலியை மட்டும் அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"சரி, உக்காரு," என்றேன். "இப்ப ஆரம்பிப்போம்."